வியாசர்பாடி அத்தோ கடையில் மீந்த தட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

கடை வியாசர்பாடி பி.வி. காலனிப் பக்கம். தள்ளுவண்டியில் தொடங்கி, இப்போது 4 மேசை போட்ட சின்னக் கடை. பெயர் இங்கே வேண்டாம். சாயங்காலம் திறந்து இரவு பத்தரை வரை ஓடும். அத்தோ (கையால் பிசைந்து தரும் பர்மா நூடுல்ஸ்), மொய்ங்கா (குழம்பு ஊற்றிய பர்மா நூடுல்ஸ்), முட்டை மசாலா, பேஜோ (மாவு கரைத்துப் பொரித்த மொறுமொறு தட்டை), வாழைத்தண்டு சூப், இவ்வளவுதான் சரக்கு. வார நாளில் சுமார் 60 தட்டு அத்தோ போகும், ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேல்.

பக்கத்துத் தெருவில் குடியிருந்து தாம்பரம் பக்கம் வீடு மாறிப்போன குடும்பம் ஒன்று, பல வருடம் கழித்து உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்த சாக்கில் கடைக்கும் வந்தது. பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். 5 தட்டு அத்தோவும் 10 முட்டையும் சொன்னார்கள். முட்டையை மிச்சமில்லாமல் தின்றுவிட்டார்கள். அத்தோ மூன்று தட்டில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. காசு கொடுக்கும்போது பாட்டி கேட்டார்: "இன்னாப்பா, நூடுல்ஸை மாத்திட்டியா?" கடைக்காரர் சொன்னார்: "இல்ல ஆயா, உங்க காலத்துல வாங்குன அதே கட்டுதான்." அவர் சொன்னது உண்மை. நூடுல்ஸ் மாறவில்லை. பாட்டி சொன்னதும் பொய்யில்லை.

இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதுதான் ஆய்வின் பொருள். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: வாடிக்கையாளரின் நாக்கு தப்பாது, ஆனால் காரணம் சொல்லும்போது அவர் கை காட்டுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பொருளைத்தான். அத்தோவில் கண்ணுக்குத் தெரிவது ஆரஞ்சு நிற நூடுல்ஸ். கண்ணுக்குத் தெரியாதது, அதன் மேல் பூசியிருக்கும் எண்ணெய்.

வடசென்னையில் இந்தப் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. பர்மாவில் 1962இல் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் கடைகளும் வணிகமும் அரசுடைமை ஆயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. பிழைப்பை விட்டுக் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் தங்கினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே ராஜாஜி சாலை ஓரம் பர்மா பஜார் 1969இல் வந்தது. அதை ஒட்டிய செகண்ட் லைன் பீச்சில் அத்தோ வண்டிகள் இன்றும் நிற்கின்றன. ஆக, இங்கே அத்தோ சாப்பிட வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு அது வெளித் தீனி இல்லை, வீட்டுச் சாப்பாடு. அம்மா கையால் பிசைந்து தின்றவர்கள். அவர்களிடம் "அதே டேஸ்ட்தான்" என்று சாதிக்க முடியாது.

வண்டிக் காலத்து முறை

வண்டியை ஓட்டியவர்கள் கடைக்காரரின் அப்பாவும் அத்தையும். அப்பா இப்போது இல்லை. அத்தை இருக்கிறார். பழைய முறை முழுக்க அவர் சொல்லி, அளந்து எழுதியது.

மதியம் 3 மணிக்கு வேலை தொடங்கும். 2 லிட்டர் கடலெண்ணெயை இரும்பு வாணலியில் ஊற்றி, சூடேறுவதற்கு முன்பே 300 கிராம் பூண்டைச் சீவிப் போட வேண்டும். சின்னத் தீ. காய்ந்த எண்ணெயில் பூண்டைப் போட்டால் ஓரம் கருகும், நடு வேகாது. பச்சை எண்ணெயிலிருந்தே சேர்ந்து சூடானால்தான் ஈரம் மெதுவாகப் போய், வாசனை எண்ணெய்க்குள் இறங்கும். வைக்கோல் நிறம் வரும்போதே அரித்து எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே இன்னும் ஒரு பங்கு சிவக்கும். பொன்னிறம் வரும்வரை காத்திருந்தால் தட்டுக்குப் போகும்போது பழுப்பாகி, கசக்கும். பூண்டுக் கசப்பு புளியாலும் அடங்காது, எலுமிச்சையாலும் அடங்காது. அன்றைய எண்ணெய் முழுக்க வீண்.

அதே எண்ணெயில்தான் வெங்காயம். 4 கிலோ பெரிய வெங்காயம், ஒரே கனத்தில் மெல்லிசாக அரிந்தது, கிலோ கிலோவாக நான்கு ஈடு. மொத்தமாகக் கொட்டினால் சூடு விழுந்து, பொரிவதற்குப் பதில் எண்ணெயில் வேகும். வழவழவென்று ஆகி எண்ணெயையும் குடித்துவிடும். ஓர் ஈட்டுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கனம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் பாதி கருகியிருக்கும்போது பாதி வெள்ளையாக நிற்கும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது போனபின் 4 கிலோவுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் பொரியல் தேறும். பேப்பரில் பரப்பி, நன்றாக ஆறியபின்தான் டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துப் போகும். கடைசி ஈடு எடுத்ததும் அடுப்பை அணைத்து, எண்ணெயில் 2 தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டுக் கலக்கி, வடிகட்டி வைப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கடைக்காரருக்கே அது தெரிந்திருக்கவில்லை, போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 2 லிட்டரில் பொரியல் குடித்தது போக 1.7 லிட்டர் மிஞ்சும். தட்டுக்கு 20 மில்லி வீதம் 60 தட்டுக்கு 1.2 லிட்டர். முட்டை மசாலாவுக்கு முட்டைக்கு 5 மில்லி வீதம் 80 முட்டைக்கு 400 மில்லி. கூட்டினால் 1.6. அதாவது, 60 தட்டுக்கு வேண்டிய வெங்காயத்தைப் பொரித்தால், அந்த 60 தட்டையும் பிசைய வேண்டிய எண்ணெய் தானாகவே கிடைத்துவிடுகிறது. வாங்கிய எண்ணெய் ஒன்று, அது செய்த வேலை இரண்டு. அப்பா காலத்து ஆட்கள் இதை ஏட்டில் எழுதவில்லை. வாணலி அளவும் கரண்டி அளவும் பழக்கத்தில் அப்படிப் பொருந்தியிருந்தன.

நூடுல்ஸ் வேலை அவ்வளவு நுணுக்கமில்லை. 1 கிலோ காய்ந்த கோதுமை நூடுல்ஸுக்கு 8 லிட்டர் கொதிநீர், 80 கிராம் கல்லுப்பு. நடுவில் ஊசி அளவுக்குக் கடினம் இருக்கும்போது வடித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, சல்லடையில் 20 நிமிடம் வடியவிட்டு, 30 மில்லி எண்ணெய் புரட்டி வைப்பார்கள். அலசாவிட்டால் மேலே இருக்கும் கஞ்சி பசையாகி ஒட்டிக்கொள்ளும். வடியாவிட்டால் தட்டில் தண்ணீர் விடும். 1 கிலோவுக்கு இரண்டே கால் கிலோ வரை தேறும். தட்டுக்கு 180 கிராம் என்றால் 12 தட்டு.

பிசைகிற வரிசைதான் முக்கியம். பேசினில் நூடுல்ஸ், ஒரு கைப்பிடி (50 கிராம்) மெல்லிசாகச் சீவிய கோஸ், கொஞ்சம் பச்சை வெங்காயம். அதன் மேல் முதலில் எண்ணெய். இரண்டு புரட்டு. பிறகு உப்பு, வறுத்து இடித்த கொரகொர மிளகாய், ஒன்றரை தேக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. இன்னும் இரண்டு புரட்டு. அதன்பின் 25 மில்லி புளித்தண்ணீர். கடைசியில் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, கையால் நொறுக்கிய பேஜோ, கொத்தமல்லி, எலுமிச்சை பிழிந்து ஒரே ஒரு தூக்கிப் புரட்டல். எண்ணெய் முன்னால் போனால் இழையைச் சுற்றிப் பூச்சாக நிற்கும். மாவும் மிளகாயும் அந்தப் பூச்சில் ஒட்டும். பிறகு வரும் புளியை மாவு இழுத்துக்கொண்டு, எண்ணெயோடு சேர்ந்து குழம்பு போலக் கெட்டிப்படும். புளி முன்னால் போனால் இழை அதைக் குடித்து ஊதிவிடும். பின்னால் ஊற்றும் எண்ணெய் ஒட்ட இடமின்றித் தட்டின் அடியில் தேங்கும்.

எது மாறியது

வண்டி கடையானபோது ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணத்தோடு மாறியது.

முதலில் வெங்காயம். விலை ஏறிய ஒரு சீசனில் கடைக்காரர் பொரித்த வெங்காயத்தைப் பாக்கெட்டாக வாங்கத் தொடங்கினார். உரிக்க ஆள் வேண்டாம், ஒன்றரை மணி நேர அடுப்பு வேலை மிச்சம், கருகும் பயமில்லை. தப்பான முடிவு என்று சொல்லிவிட முடியாது. பிரியாணிக் கடைகளில் இது சகஜம். பிரியாணியில் வெங்காயத்தின் சாரம் மசாலாவிலும் தம்மிலும் இருக்கிறது. மேலே தூவுவது வாங்கியதாக இருந்தால் பெரிய நஷ்டமில்லை. அத்தோவில் கதை வேறு. பாக்கெட் வாங்கினால் வெங்காயம் கிடைக்கும், அதைப் பொரித்த எண்ணெய் கிடைக்காது. அது தொழிற்சாலையிலேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு, அந்தப் பாக்கெட் வெங்காயத்தில் மொறுமொறுப்புக்காக மாவு புரட்டியிருந்தது. புளி பட்டதும் மாவு ஊறி நூல்போல இழுக்கும்.

வெங்காய எண்ணெய் போனதும் பிசைய வேறு எண்ணெய் வேண்டும். பாமாயிலைக் காய்ச்சி, அதில் ஒரு கை பூண்டு விழுதைத் தாளித்து வைத்துக்கொண்டார்கள். விழுதில் ஈரம் அதிகம். மேலே சீக்கிரம் சிவந்து, உள்ளே பச்சையாக நிற்கும். வாசனைக்குப் பதில் ஒரு முரட்டு நெடிதான் வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காய்ச்சி, அடுப்பை ஒட்டிய தகர டின்னில் வைத்தார்கள். சூடும் காற்றும் பட்டு மூன்றாம் நாள் லேசான காறல் எட்டிப்பார்க்கும். தனியாக முகர்ந்தால் தெரியும். தட்டில் தெரியாது, ஆனால் இரண்டு வாய்க்குப் பிறகு சாப்பிடுகிறவருக்குத் திகட்டும். பாதித் தட்டு மீந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. சுவை பிடிக்காதவர் முதல் வாயிலேயே நிறுத்துவார். திகட்டியவர்தான் பாதியில் நிறுத்துவார்.

அடுத்தது வரிசை. வண்டியில் அப்பா ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டுதான் ஒரு பேசினில் பிசைவார். கடையில் மேசைக்கு 4 தட்டு ஆர்டர் வருகிறது என்று பெரிய பேசினில் நான்கையும் ஒன்றாகப் போட்டார்கள். புதிதாக வந்த பையன், புளித்தண்ணீர் ஜக்கு கைக்குப் பக்கத்தில் இருந்ததால் அதை முதலில் ஊற்றினான். யாரும் அவனுக்கு வரிசையின் காரணத்தைச் சொல்லவில்லை. அளவு மட்டும் சொன்னார்கள், அளவு சரியாகவே இருந்தது.

மிளகாயும் மாறியது. வறுத்து இடிப்பதற்குப் பதில் அரைத்த மிளகாய்த்தூள். நைசான தூள் பூச்சில் மொத்தமாகக் கலந்து பச்சை வாடை தரும். இடித்ததில் வறுத்த மணமும், விதை அகப்பட்ட வாய்க்கு மட்டும் ஒரு சுருக்கும் இருக்கும். காரம் அளவில் குறையவில்லை. ஆனால் எல்லா வாயும் ஒரே மாதிரி ஆனது.

தண்ணீரையும் பார்க்க வேண்டியிருந்தது, வடசென்னையில் அதைப் பார்க்காமல் சமையல் பற்றிப் பேசக் கூடாது. வண்டிக் காலத்தில் மெட்ரோ வாட்டர். இப்போதைய கட்டடத்தில் போர் தண்ணீர், வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். சூப்புக்கும் புளி கரைக்கவும் கேன் தண்ணீர் வாங்கினார்கள். நூடுல்ஸ் வேகவைக்கவும் அலசவும் போர் தண்ணீர்தான், அதில் பழையபடி லிட்டருக்கு 10 கிராம் உப்பும் போட்டார்கள். இழையே உப்பாக வந்ததால் தட்டில் போடும் உப்பைக் குறைத்தார்கள். விளைவு விநோதமானது: நூடுல்ஸ் கரிக்கும், கோஸும் வெங்காயமும் சப்பென்று இருக்கும்.

மீந்த நூடுல்ஸை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் முதல் தட்டுகளுக்குப் பயன்படுத்துவதும் புதுப் பழக்கம். வெந்த மாவுப் பண்டம் எதுவாக இருந்தாலும் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் வேகமாக விறைக்கும். அப்படியே பிசைந்தால் இழை துண்டு துண்டாக உடையும். கொதிநீரில் 15 நொடி முக்கி வடித்தால் ஓரளவு திரும்பும். அதை அவர்கள் செய்யவில்லை. அந்தக் குடும்பம் வந்தது கடை திறந்த கையோடு. முதல் தட்டுகள் அவர்களுக்குத்தான் போயிருக்கின்றன.

ஏன் தினசரி வருகிறவர்கள் சொல்லவில்லை

இது கடைக்காரர் கேட்ட கேள்வி. தினமும் வருகிற ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள், யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

வாயால் சொல்லவில்லை, கையால் சொல்லியிருக்கிறார்கள். எலுமிச்சைச் செலவு கூடியிருந்தது. "இன்னும் கொஞ்சம் காரம் போடு தம்பி" என்று திரும்பத் தட்டை நீட்டுவது கூடியிருந்தது. சூப் இரண்டாம் முறை கேட்பவர் அதிகமாயிருந்தனர். சூப்புக்குத் தனிக் காசு இல்லாததால் அதை யாரும் கவனிக்கவில்லை. திகட்டலை வெட்ட புளிப்பும் காரமும் சூடும் வேண்டியிருந்தன. நாளுக்கொரு துளியாக மாறும்போது வாடிக்கையாளரும் துளித்துளியாகச் சமாளித்துக்கொள்கிறார். நடுவில் பல வருடம் வராதவருக்குத்தான் மொத்த மாற்றமும் ஒரே வாயில் விழும். கடை வைத்திருப்பவர்களுக்கு இப்படித் திரும்பி வருகிறவரை விட நல்ல சோதனையாளர் கிடைக்க மாட்டார். கோபித்துக்கொண்டு அனுப்பிவிடக் கூடாது.

அதேநேரம், அவர் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. பழைய நினைவில் பசி, ராத்திரி, நின்றுகொண்டே தின்றது எல்லாம் கலந்திருக்கும். இந்த வழக்கில் அப்படி ஒரு அம்சம் உண்மையாகவே இருந்தது. வண்டியில் பிசைந்த கை தட்டை நீட்டும், வாங்கிய கை வாய்க்குக் கொண்டுபோகும். நடுவில் அரை நிமிடம்கூட இல்லை. கடையில் 5 தட்டும் தயாராகி, சூப் ஊற்றி, மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் தட்டுக்கு 6, 7 நிமிடம் ஆகிறது. புளி பட்ட பேஜோ மூன்று நான்கு நிமிடத்தில் சவத்துப்போகும். ஆக, சமையலே சரியாக இருந்தாலும் அந்த முதல் தட்டு பழைய தட்டாக இருந்திருக்காது.

பிரித்துப் பார்த்த விதம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் பழையபடி ஆக்கினால் ருசி திரும்பும், ஆனால் எதனால் திரும்பியது என்று தெரியாது. ஒன்றரை மணி நேர வேலையை மறுபடி தலையில் ஏற்றிக்கொள்வதா என்று முடிவெடுக்க வேண்டிய கடைக்காரருக்கு அது தெரிந்தாக வேண்டும். அதனால் 4 தட்டு, ஒரே நேரத்தில்.

முதல் தட்டு, இன்றைய முறை அப்படியே. இரண்டாவதில் இன்றைய எண்ணெய், இன்றைய வரிசை, நூடுல்ஸ் மட்டும் வேறு கம்பெனி. மூன்றாவதில் இன்றைய நூடுல்ஸ், இன்றைய வரிசை, வெங்காயமும் எண்ணெயும் மட்டும் கடையிலேயே பொரித்தது. நான்காவதில் அதே நூடுல்ஸ், பொரித்த எண்ணெய், பழைய வரிசை, இடித்த மிளகாய். தட்டின் அடியில் எண் எழுதி, அத்தையிடமும் பழைய வாடிக்கையாளர் இருவரிடமும் கொடுத்தார்கள். பிசைந்த ஒரு நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

முதலிரண்டு தட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டிலும் "மாவு வாடை" என்றார் அத்தை. அதாவது, கம்பெனியை மாற்றியிருந்தால் செலவுதான் மிச்சம். மூன்றாவதில் மாவு வாடை போய்விட்டது, அதே நூடுல்ஸ்! கோதுமைக்கு எப்போதும் அந்த வாடை உண்டு. பூண்டு, வெங்காயம், மஞ்சள் ஏறிய எண்ணெய் அதை மூடிவைத்திருந்தது. மூடி போனதும் உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது, அதைத்தான் பாட்டி "நூடுல்ஸை மாத்திட்டியா" என்று கேட்டிருக்கிறார். ஆனாலும் மூன்றாவது தட்டில் அடியில் எண்ணெய் தேங்கியது, மேலே புளி தூக்கலாக இருந்தது. நான்காவதைச் சாப்பிட்டுவிட்டு அத்தை சொன்னது: "உங்கப்பன் போட்டது இது."

ஆக, மணம் எண்ணெயால், பதம் வரிசையால். வரிசையை மாற்றக் காசு செலவில்லை, அன்று இரவே மாற்றினார்கள். எண்ணெய்க்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

சரிசெய்தது

4 கிலோவையும் தினமும் உரித்து அரிவதற்கு ஆளில்லை. அத்தை ஒரு வழி சொன்னார், பர்மா பஜார்ப் பக்கம் சில வண்டிகளில் செய்வதாம். தினமும் இரண்டரை கிலோ மட்டும் கடையில் பொரிப்பது. தட்டில் தூவுவதற்கு அது குறையும், ஆனால் பிசையும் எண்ணெய்க்கு வேண்டிய மணம் வந்துவிடும். தூவுவதில் குறைவதை மாவு சேராத பாக்கெட் வெங்காயத்தால் ஈடுகட்டுவது. வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுக் கலக்கினால், மாவு இருந்தால் தண்ணீர் பால்போலக் கலங்கும். இல்லாவிட்டால் பழுப்புச் சாயம் மட்டும் இறங்கும்.

எண்ணெயில் சமரசம் செய்தார்கள். முழுக்கக் கடலெண்ணெய் கட்டுப்படியாகவில்லை. பாதி கடலெண்ணெய், பாதி சூரியகாந்தி. அத்தைக்கு இது பிடிக்கவில்லை. தட்டில் வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாமாயிலுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதைவிடப் பெரிது. அன்றைய எண்ணெய் அன்றைக்கே முடிய வேண்டும் என்பதைக் கறாராக வைத்துக்கொண்டார்கள். மிஞ்சினால் மறுநாள் வெங்காயம் பொரிக்கும் எண்ணெயோடு சேர்க்கக் கூடாது, சூப் தாளிக்கப் பயன்படுத்தலாம். பொரித்த பூண்டை எண்ணெயிலேயே ஊறவிடாமல் தனி டப்பாவில் வைக்கிறார்கள். ஊறினால் நமுத்துப்போகும், ஈரம் மிஞ்சிய பூண்டு எண்ணெய்க்குள் கிடப்பது வயிற்றுக்கும் நல்லதல்ல.

புளி விஷயம் சின்னது, ஆனால் தவறினால் எல்லாம் கெடும். கால் கிலோ கொட்டை நீக்கிய புளிக்கு ஒன்றேகால் லிட்டர் வெந்நீர். காலையில் கரைத்து வைத்தால் சென்னை வெயிலில் சாயங்காலத்துக்குள் நுரைக்கத் தொடங்கும், அத்தோவில் கள் வாடை அடிக்கும். கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன் கரைத்தால் போதும். புதுப்புளியாக இருந்தால் புளிப்பு கூர்மை, தண்ணீரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். நாள்பட்ட கறுத்த புளிக்கு அது வேண்டாம்.

வேகவைக்கப் போர் தண்ணீரையே வைத்துக்கொண்டு, உப்பை மட்டும் அறவே நிறுத்தினார்கள். கடைசி அலசலுக்கு ஒரு கேன் நல்ல தண்ணீர். கோஸை முன்கூட்டிச் சீவி உப்போடு சேர்த்து வைப்பதும் நின்றது. உப்பு பட்டால் கோஸ் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீர் தட்டில் இறங்கி எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடும். சீவி, ஈரம் போகத் துணியில் உதறி, உப்பில்லாமல் மூடி வைக்கிறார்கள்.

ஒரு பேசினில் 2 தட்டுக்கு மேல் இல்லை. பையனுக்கு வரிசையோடு காரணத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள், ஜக்கின் இடத்தையும் மாற்றினார்கள். எண்ணெய்க் கிண்ணம் கைக்குப் பக்கத்தில், புளி ஜக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில். சொல்லிக் கொடுத்ததைவிட இது அதிகம் வேலை செய்தது என்பதே உண்மை. பேஜோவைப் பிசையும் இடத்தில் போடாமல், தட்டு மேசைக்குப் போனபின் அங்கேயே நொறுக்கித் தூவுகிறார்கள்.

சூப்பைத் தொட வேண்டியிருக்கவில்லை. 5 லிட்டருக்கு ஒரு முழ வாழைத்தண்டு, நார் எடுத்து, கறுக்காமல் இருக்க மோர்த்தண்ணீரில் போட்டது. வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள். கெட்டிப்படுத்த 120 கிராம் பொட்டுக்கடலை மாவு, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கடைசியில் ஊற்றுவது. ராத்திரி முழுக்கச் சிறுதீயில் நிற்பதால் மாவு அடியில் படியும். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறாவிட்டால் ஒன்பது மணிக்கு மேல் தீய்ந்த வாடை வரும்.

முட்டை ஏன் அன்றைக்கே காலியானது என்பதற்கும் விடை கிடைத்தது. முட்டை மசாலாவைப் போட்டவர் கடைக்காரரின் மனைவி. அவர் தன் பங்குக்கு வீட்டிலேயே ஒரு சின்னச் சட்டியில் கால் கிலோ வெங்காயமும் பூண்டும் பொரித்து, அந்த எண்ணெயைத்தான் முட்டைக்கு ஊற்றிவந்திருக்கிறார். முட்டையை 10 நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிடாமல் எடுத்து, கடை நேரத்தில் வெதுவெதுப்பாகவே வைத்திருந்தார். கீறி, பொரித்த வெங்காயம், எண்ணெய், புளி, மிளகாய், உப்பு, கொத்தமல்லி வைத்தால் ஒரே வாயில் போகிற பதம். விடை ஒரே கடைக்குள் இரண்டு அடி தூரத்தில் இருந்திருக்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருகை

அந்தக் குடும்பம் மறுபடி வந்தது மறுவீட்டு விருந்துக்கு. இந்த முறை கடைக்காரர் யாரையும் முன்கூட்டித் தயார்படுத்தவில்லை, மாற்றியதையும் சொல்லவில்லை. 2 தட்டு, 2 தட்டு, 1 தட்டு என்று மூன்று தவணையாகப் போனது. பாட்டிக்குப் போனது முதல் ஜோடியில். தட்டு காலியானபின் அவர் சொன்னது: "பழைய நூடுல்ஸுக்கே வந்துட்ட போல." கடைக்காரர் மறுக்கவில்லை. மருமகள் மட்டும், பேஜோ முன்னைப்போல மொத்தமாக இல்லை, மெல்லிசாக இருக்கிறது என்றார். அது சரியான கவனிப்பு. மாவைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்திருந்தார்கள்.

தீராதவை இரண்டு. ஒன்று மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் டின்னை எத்தனை இறுக்கி மூடினாலும், திறந்து திறந்து எடுப்பதில் காற்றின் ஈரம் ஏறிவிடுகிறது. பெரிய டின்னைத் திறக்காமல் வைத்து, மணிக்கு ஒருமுறை சின்ன டப்பாவில் மாற்றி எடுக்கிறார்கள். பேஜோவுக்கு இது போதுகிறது, பொரித்த வெங்காயத்துக்குப் போதவில்லை. இரண்டாவது பார்சல். ஆன்லைன் ஆர்டர் இப்போது வியாபாரத்தில் பெரிய பங்கு. பிசைந்து டப்பாவில் அடைத்தால் கொளத்தூர் போய்ச் சேர்வதற்குள் கூழ். இப்போது எண்ணெயும் மாவும் மிளகாயும் புரட்டிய நூடுல்ஸ் டப்பாவில், புளித்தண்ணீர் ஒரு பொட்டலம், பேஜோவும் பொரித்ததும் ஒரு பொட்டலம் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பிசைகிற விதத்தை எழுதிய சீட்டும் உள்ளே இருக்கும். வாங்குகிறவர்களில் சிலர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, புளிப்பு தூக்கல் என்று நட்சத்திரத்தைக் குறைக்கிறார்கள். புளிப் பொட்டலத்தை 25 மில்லியிலிருந்து 18 ஆக்கலாமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.